உபதேசியார் சொல்லாமல் விட்டது

எங்கள் தென்கடல் தீவின் மட்டாமோவானா கிராமத்தில் பெனிசிமானி உபதேசியாரிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. மீன்பிடிக்கக் கிளம்பியவன் வழியில் கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு, சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்தால், அவனை நடுத்தெருவில் மறித்து, "நீ யாரைப் பாத்துட்டு வந்தேன்னு மீனுக்கு எவன்டா போய்ச் சொன்னான்?" என்று கேட்பார். சாயங்காலம் கவா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் வட்டத்தில் எவனாவது, செத்துப்போன மாமா கனவில் வந்து படகை விற்காதே என்றார் என்று வாயைத் திறந்தால், மற்றவர்கள் எல்லாம் உபதேசியார் முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் யாரையும் ஏமாற்றமாட்டார். தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, மரித்தவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே போவதில்லை என்று ஆதியிலிருந்து தொடங்குவார். அவர் முடிப்பதற்குள் பாதிப் பேர் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வேறு சபையிலிருந்து வெள்ளைச் சட்டையும் சைக்கிளுமாக இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் ஒரு தடவை ஊருக்குள் வந்தார்கள். உபதேசியார் அவர்களைச் சேம்புத் தோட்டத்து ஓரமாக நிற்கவைத்து இரண்டு மணி நேரம் வெயிலில் திருத்தினார். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். டவுனிலிருந்து வந்த பெரிய போதகர் ஒருவர் பிரசங்கத்தில் ஒரு தீர்க்கதரிசியின் பேரை மாற்றிச் சொன்னபோது, முன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று சரியான பேரைச் சொன்ன ஆள் இவர். பெரிய போதகர் சிரித்துச் சமாளித்தார். ஊர் ஆறு மாதம் அதைப் பேசியது. பிறர் தப்பைக் கண்டும் பேசாமல் போகிறவன் அந்தத் தப்பில் பங்காளி என்பது உபதேசியாரின் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒருத்தியிடம் மட்டும் நாற்பது வருஷமாக வாய் திறந்ததில்லை. அவள் அவருடைய அக்கா லோசாலினே.

தாய் செத்தபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினான்கு. அக்காதான் அவருக்கு யாம் கிழங்கை மசித்து ஊட்டினாள். காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விசிறினாள். அவருக்கு மீசை அரும்பிய வருஷம், எங்கள் பக்கத்து வழக்கப்படி, பாயைச் சுருட்டிக் கொடுத்து வெளிக் குடிசைக்கு அனுப்பிவிட்டார்கள். வயசுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒரு கூரையின் கீழ் உட்காரக் கூடாது, ஒரு வண்டியில் போகக் கூடாது, எதிரெதிரே நின்று பேசக் கூடாது. மரியாதை என்று அதற்குப் பேர். அக்கா முன்வாசலில் கால் வைத்தால் தம்பி பின்வாசல் வழியாக இறங்கிவிட வேண்டும். சொல்ல வேண்டியதை வீட்டுக்காரியிடம் சொல்லியனுப்பலாம். அன்றைக்கு இரவு தம்பி வெளிக் குடிசையில் படுத்துக்கொண்டு அழுதான். அக்காவும் உள்ளே அழுதிருப்பாள் என்றுதான் அவர் கடைசிவரை நம்பினார்.

லோசாலினே ஆறு மைல் தள்ளிக் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். அக்கா என்றால் தம்பியை விட ஒருபடி உயர்ந்தவள். தம்பி பிள்ளைகளுக்கோ அத்தை சொல்தான் சட்டம். கல்யாணச் சாப்பாட்டில் பன்றியின் நல்ல பாகம் அத்தைக்கு, சாவு வீட்டில் தலைமாட்டு இடம் அத்தைக்கு, பிள்ளைக்கு என்ன பேர், என்ன மருந்து என்பதெல்லாம் அத்தை வாயிலிருந்து வர வேண்டும். பெனிசிமானி உபதேசியார் பரீட்சையில் மூன்றாம் தடவை தேறியபோது, பிரசங்கத்துக்குக் கட்டிக்கொள்ள மெல்லிய இடுப்புப் பாய் ஒன்றை எட்டு மாதம் உட்கார்ந்து முடைந்து அனுப்பியவளும் அவள்தான். அவருடைய முறை வரும் ஞாயிறுகளில் ஆறு மைல் நடந்து வந்து, பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, தம்பி பேசுவதைக் கண் கொட்டாமல் கேட்டுவிட்டு நடந்தே திரும்பிப் போவாள்.

அப்படி அவள் கேட்ட பிரசங்கங்களில் ஒன்று, ஃபுசி பற்றியது.

ஃபுசி விதவை. புருஷனைக் கடல் கொண்டுபோய் மூன்றாம் நாள் கரையில் போட்டது. அடுத்த வருஷம் அவளுக்குத் தலைவலி வந்தது. மருந்தகத்து நர்ஸ் கொடுத்த மாத்திரை எல்லாம் தின்று தீர்த்தாள், போகவில்லை. மூன்று மாதம் கழித்து அவள் வீட்டார் புருஷனின் கல்லறையைத் தோண்டினார்கள். செத்தவரின் எலும்பில் மரத்தின் வேர் ஏறினால், ஏறிய அதே இடத்தில் உயிரோடிருக்கும் சொந்தக்காரருக்கு வலிக்கும் என்பது எங்கள் தீவுகளில் பழைய நம்பிக்கை. தோண்டிப் பார்த்தார்கள். மண்டையோட்டுப் பக்கம் வேர் இருந்தது. வெட்டி எடுத்து, எலும்பை எண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி மூடினார்கள். தலைவலி போய்விட்டது. ஃபுசி சந்தோஷத்தில் மண்ணடுப்பில் யாம் சுட்டு, பன்றிக்கறியோடு வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினாள். உபதேசியார் வீட்டுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை அதைச் சாப்பிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடை ஏறினார்.

தப்புச் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று வேதத்தில் ஓர் இடம் இருக்கிறது. எல்லார் முன்னாலும் கண்டி என்று இன்னோர் இடம் இருக்கிறது. இரண்டும் உபதேசியாருக்கு மனப்பாடம். ஆனால் முதல் வசனத்துக்கு ஃபுசி வீடு வரை நடக்க வேண்டும். இரண்டாவது வசனத்துக்கு மேடை இருந்தது, சபை இருந்தது, மூன்றாவது பெஞ்சில் அக்கா இருந்தாள்.

"நம்ம நடுவுல ஒரு விதவை," என்று ஆரம்பித்தார். ஊரில் ஐந்து விதவைகள். நான்கு பேர் ஃபுசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உயிர்த்தெழுதல்ல நம்பிக்கை இருக்கிறவ மண்வெட்டியத் தூக்குவாளா? புருஷனோட ஆத்துமா யார் கையில இருக்கு, சவுக்கு மரத்து வேர் கையிலயா? அவளுக்கு வலி தலையில இல்ல, விசுவாசத்துல!"

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. உபதேசியாருக்கு அது போதவில்லை, பேரையும் சொன்னார். ஃபுசி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். அன்று மத்தியானம் உபதேசியாரின் மனைவி மெலியாமே, தேங்காய்ப்பால் ஊற்றிச் சேம்பிலையில் கட்டிச் சுட்ட கறியைப் புருஷனுக்கு முன்னால் வைத்துக்கொண்டே, "பாவங்க அது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"தனியாச் சொன்னா அவ மட்டும் திருந்துவா. இப்ப ஊரே திருந்தும்," என்றார் அவர். இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். ஃபுசி மூன்று வாரம் ஆலயத்துக்கு வரவில்லை. பிறகு வந்தபோது கதவு ஓரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், அதுவே அவள் இடமாகிப் போனது.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, உபதேசியாரின் ஒரே மகள் ஹிங்கானோ கடல் வற்றிய நேரத்தில் பாறைமேல் சிப்பி பொறுக்கப் போனாள். பதினாறு வயது. டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தாள், வலைப்பந்து ஆட்டத்தில் பள்ளிக்கே அவள்தான் முன்னால் ஓடுகிறவள். இடது பாதத்தில் என்னவோ குத்தியது. நொண்டிக்கொண்டே வந்து, "ஒண்ணுமில்லப்பா, முள்ளு," என்றாள். நான்கு நாளில் பாதம் வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டது. மருந்தகத்து நர்ஸ் கீறிக் கழுவிக் கட்டுப்போட்டு, "இது எலும்பு வரைக்கும் போயிருக்கும்போல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி போடணும். தள்ளிப்போடாதீங்க," என்றாள்.

மெலியாமே துணிமணியைக் கூடையில் எடுத்து வைத்தாள். அதற்குள் சேதி ஆறு மைல் தாண்டிப் போய், லோசாலினே வந்துவிட்டாள்.

அக்காவின் குரல் வாசலில் கேட்டதும் உபதேசியார் பின்பக்கமாக இறங்கி ஈரப்பலா மரத்தடிக்குப் போனார். அங்கே அவருக்கென்று ஒரு மரக்கட்டை கிடந்தது. அக்கா வரும்போதெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருப்பார். பலகைச் சுவர்தானே, உள்ளே பேசுவது அவ்வளவும் வெளியே கேட்கும்.

"எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம்," என்றாள் லோசாலினே. "பாத்த உடனே தெரியலியா? இது நம்ம சீக்கு, ஆஸ்பத்திரிச் சீக்கு இல்ல. நம்ம சீக்குக்கு ஊசி போட்டா ஆள் தங்காது. என் கொழுந்தன் மகன் என்ன ஆனான்? ஊசி உள்ள போச்சு, சாயங்காலம் ஆள் இல்ல."

"அண்ணி, நர்ஸ் என்ன சொல்லுச்சுன்னா..."

"நர்ஸுக்குக் கல்யாணம்கூட ஆகல. எண்ணெய எடு."

இலையைக் கசக்கிக் கட்டினாள், எண்ணெய் தேய்த்தாள், ஹிங்கானோ தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விசிறினாள். அந்த விசிறியின் சத்தம் மரத்தடி வரை கேட்டது. பிள்ளைமேல் அவளுக்கு உயிர். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் உபதேசியாருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மெலியாமே மரத்தடிக்கு வந்தாள். "உள்ள கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது, நான் வீட்டுக்கு வந்தவ. நீங்க சொல்லுங்க. இதெல்லாம் பொய்ன்னு ஊருக்கே சொன்னவரு நீங்க."

"அக்காகிட்டயா?" என்றார் உபதேசியார். "ரெண்டு நாள் பாப்போம். அக்கா கை ராசியான கை."

இரண்டு நாள் ஏழு நாளானது. மகள் இரவும் பகலும் முனகினாள். உபதேசியார் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் வேறு தீவிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். ஊர்ப் பெரியவர்கள் யார் மனமும் கோணாமல் வருஷத்தை ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஜெபம்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும் ஐயா. போதகர் சொன்னா அக்கா கேக்கும்."

"அய்யய்யோ, குடும்ப விஷயம் உபதேசியாரே. அத்தைக்கு உள்ள உரிமையில நான் கை வச்சா நாளைக்கு யாரு என்னை இந்த ஊர்ல மதிப்பா? வேதத்துலயே வழி இருக்கே. தப்புன்னு பட்டா, அவங்ககிட்டத் தனியாப் போய்ப் பேசுங்க."

"அக்காவும் தம்பியும் தனியா எப்படி ஐயா பேசறது?"

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை லோசாலினே முடிவுக்கு வந்தாள். பாதம் வலிக்கிறதென்றால் பாதத்தில்தான் வேர் ஏறியிருக்கிறது. யார் பாதம்? அப்பா பாதமாகத்தான் இருக்க வேண்டும். அப்பா கல்லறைக்கு ஆறடியில் சவுக்கு மரம் நிற்கிறது. நாளைக் காலையில் தோண்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு மெலியாமேயிடம், "நீ போய் அவன் என்ன சொல்றான்னு கேட்டுட்டு வா. அவன் வேதம் தெரிஞ்சவன்," என்றாள்.

அக்கா கேட்டனுப்பினாள். அவள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் சொல்தான் சட்டம். ஆனாலும் கேட்டாள். மெலியாமே ஓட்டமும் நடையுமாக மரத்தடிக்கு வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், இரண்டு வாரத்தில் முதல் தடவையாக. வீட்டின் பின்ஜன்னல் திறந்திருந்தது.

உபதேசியாருக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஃபுசிக்குச் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல், வரிசையாக நின்றன. அவற்றை அக்காவுக்குச் சொல்லியனுப்புவதை நினைத்துப் பார்த்தார். அக்கா முகம் எப்படிப் போகும் என்று பார்த்தார். யாம் மசித்து ஊட்டிய கை ஞாபகம் வந்தது. தம்பி தன்னைத் திருத்திவிட்டான் என்று அவள் ஆறு மைல் அழுதுகொண்டே நடந்து போவதும் கண்ணில் தெரிந்தது.

"அக்கா இஷ்டம்னு சொல்லு," என்றார்.

மெலியாமே உள்ளே போனாள். ஜன்னலை யாரோ சாத்தினார்கள்.

வியாழக்கிழமை காலையில் தோண்டினார்கள். தகப்பன் எலும்பில் ஏறிய வேரை மகன்தான் வெட்ட வேண்டும். அக்கா பெண்களோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள், தம்பி குழிக்குள் இறங்கினார். வேர் இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? சவுக்கு மரத்துக்கு ஆறடியில் எங்கே தோண்டினாலும் வேர் இருக்கும். மனிதர் புதைந்திருக்கிறாரா, மரவள்ளி நட்டிருக்கிறதா என்று பார்த்தா வேர் வளர்கிறது? இதை உபதேசியாரே மேடையில் சொல்லியிருக்கிறார், அதற்கும் சிரிப்பு வாங்கியிருக்கிறார். இப்போது கத்தியை எடுத்து வெட்டினார். நான்கு வெட்டு வெட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் லோசாலினே, "அப்பா! அப்பா!" என்று தரையில் விழுந்து அழுதாள். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதைக்கு அப்பால் ஃபுசி நின்றிருந்தாள்.

அன்று மாலை ஹிங்கானோ, "வலி கொறஞ்சிருக்கு அத்தை," என்றாள். நிஜமாகவே குறைந்ததோ, அத்தை முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாளோ, யாருக்குத் தெரியும். உபதேசியார் அதை நம்பினார். வியாழன் சாயங்காலத்திலிருந்து சனிக்கிழமை காலை வரை, ஒன்றரை நாள், அந்த வேர்தான் காரணம் என்று முழு மனதோடு நம்பினார். தன் வாழ்க்கையில் அவர் வெட்கப்படும் நாட்கள் என்று கணக்கெடுத்தால் அந்த ஒன்றரை நாள்தான் முதலில் வரும்.

சனிக்கிழமை காய்ச்சல் ஏறியது. ஞாயிறு காலை மகள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பாதம் கறுத்திருந்தது, முழங்கால் வரை சிவப்புக் கோடு ஏறியிருந்தது. ஆலயத்து மணி அடித்து ஊர் முழுக்கப் பாட்டுக்குப் போய்விட்ட நேரம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், எங்கள் நாட்டில் வண்டி ஓடாது. அப்போது ஒரு வேன் வந்து உபதேசியார் வாசலில் நின்றது. ஃபுசி தன் அண்ணன் வேனை ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இறங்கியவள் நேராக மரத்தடிக்கு வந்தாள்.

"என்ன உபதேசியாரே, இங்க உக்காந்திருக்கீங்க? மேடை காலியாக் கெடக்குதே."

அவர் மரக்கட்டையின் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏன் தலைவலி போச்சுன்னு தெரியுமா? வேரை வெட்டுனதால இல்ல. அந்த மனுசன் எலும்பக் கையில எடுத்துக் கழுவுனேன் பாருங்க, அன்னைக்குத்தான் நான் அழுதேன். அது வரைக்கும் எனக்கு அழுகையே வரல. இத உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க கேக்க வரல. மைக் இல்லாமலே ஊருக்குக் கேக்கற மாதிரி சொல்லிட்டீங்க. என்னால யாருக்கு என்ன கேடு வந்துச்சு? ஒருத்தருக்கும் இல்ல. இங்க ஒரு பிள்ளை அழுகிக் கெடக்கு, இப்ப எங்க வச்சீங்க அந்த வாயை?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் போனாள்.

"ஊசி போட்டாச் செத்துருவா!" என்று லோசாலினே வழி மறித்தாள்.

"எனக்கு நீங்க அக்காவும் இல்ல, அத்தையும் இல்ல. அதனால நான் சொல்லலாம். போடலன்னா இன்னைக்கே செத்துருவா. குனிஞ்சு அந்தக் காலை மோந்து பாருங்கம்மா."

லோசாலினே குனிந்தாள். இத்தனை நாளாக இலையின் வாசனையும் எண்ணெய் வாசனையும் மறைத்து வைத்திருந்ததை மோந்து பார்த்தாள். விலகி நின்றாள். பிறகு அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள், மெலியாமே கூடையோடு பின்னால் ஏறினாள்.

அக்கா ஏறிய வண்டியில் தம்பி ஏற முடியாது. உபதேசியார் வேன் கதவு வரை வந்து நின்றுவிட்டார். ஃபுசி அவரைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். வேன் போய்விட்டது. அவர் இடுப்புப் பாயை அவிழ்க்கக்கூட மறந்து, டவுனுக்கு ஒன்பது மைல் நடந்தார். வழியெல்லாம் ஒவ்வோர் ஊர் ஆலயத்திலும் பாட்டுக் கேட்டது. அவர் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. டாக்டர் தகப்பன் எங்கே என்று கேட்டாராம். அவர் இல்லாததால், உரிமைப்படி, காகிதத்தில் அத்தை கையெழுத்துப் போட்டாளாம். ஊசி கூடாது என்றவள், வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வெட்டிய காலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி உபதேசியார் அதை ஊருக்குக் கொண்டுவந்து, அப்பா கல்லறையின் கால்மாட்டில் புதைத்தார். அந்த மண் ஏற்கெனவே இளகியிருந்ததால் தோண்டச் சிரமமாக இல்லை. அதற்குப் பிறகு அவர் பிரசங்கத்துக்குப் பேர் கொடுக்கவில்லை. ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கவா வட்டத்தில் செத்த மாமாக்கள் கனவில் தாராளமாக வந்து போனார்கள். உபதேசியார் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து ஹிங்கானோ ஊன்றுகோலோடு வீடு வந்தாள். வந்த மூன்றாம் நாள், "அம்மா, பாதம் வலிக்குது," என்றாள். "எந்தப் பாதம்மா?" என்று மெலியாமே கேட்டாள். "இல்லாத பாதம்." ஆஸ்பத்திரியில் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், காலை எடுத்தவர்களுக்கு எல்லாம் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், மூளைக்கு இன்னும் தெரியாது, தைரியம் சொல்லுங்கள் என்று.

சேதி கேட்டு லோசாலினே வந்தாள். ஆறு வாரத்தில் பாதி உடம்பாகியிருந்தாள். உபதேசியார் வழக்கம்போலப் பின்பக்கம் இறங்கினார்.

"இல்லாத கால் எப்படி வலிக்கும்?" என்று உள்ளே அவள் குரல் கேட்டது. பழைய குரல் இல்லை, நடுங்கிக்கொண்டே வந்தது. "அந்த வேர்தான். புதைச்ச காலையும் அது பிடிச்சிருக்கு. தோண்டி எடுத்து வேற எடத்துல வைக்கணும். இல்லன்னா மிச்சக் காலும் போயிரும். மெலியாமே, போய் அவன் என்ன சொல்றான்னு கேட்டுட்டு வா."

மெலியாமே மரத்தடிக்கு வந்தாள். கேள்வியை அவள் திருப்பிச் சொல்லவில்லை.

"இந்தத் தடவ நான் தூது போகமாட்டேன்," என்றாள்.

உபதேசியார் கட்டையிலிருந்து எழுந்தார். பின்வாசலுக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர் படியேறி, அக்கா உட்கார்ந்திருந்த கூரைக்குள் நுழைந்து, அவளுக்கு எதிரே நின்றார். லோசாலினே பதறி எழுந்து முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"தோண்ட வேணாம் அக்கா," என்றார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவளை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வேருக்கும் வலிக்கும் சம்பந்தமில்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. டாக்டர் சொன்ன மாதிரி தானாப் போயிரும்."

அக்கா அழுவாள், எழுந்து போய்விடுவாள், இனி இந்த வாசல் மிதிக்கமாட்டாள் என்று அவர் நினைத்தார். அவள் தம்பியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். மீசை அரும்பிய நாளிலிருந்து பார்க்காத முகம், இப்போது மீசை நரைத்திருந்தது.

"சரி," என்றாள். "வேணாம்னா வேணாம்."

அவ்வளவுதான். உபதேசியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் பெனி, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றாள் லோசாலினே. குரலில் கோபம் இல்லை. "ஃபுசிக்குச் சொன்னே, எனக்குச் சொல்லல. அப்ப நம்ம அப்பா விஷயம் வேறபோலன்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சுதான் சும்மா இருக்கேன்னு நெனச்சேன். உன் பேச்சக் கேக்கத்தானே ஆறு மைல் நடந்து வந்தேன். நான்தான் ஆள் அனுப்பிக் கேட்டேனே."

உபதேசியார் மகள் பக்கம் திரும்பினார், அவளாவது ஏதாவது சொல்லமாட்டாளா என்று. ஹிங்கானோ ஜன்னலோரம் படுத்திருந்தாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஈரப்பலா மரத்தடியும் மரக்கட்டையும் பக்கத்தில் தெரிந்தன.

"அக்கா இஷ்டம்னு சொன்ன அன்னைக்கு ஜன்னல சாத்துனது நான்தாம்பா," என்றாள்.